கறுப்பு மாத்திரை

திங்கட்கிழமைக் காலை, தோட்டத்து ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டில் குமுதவல்லி இடது காலில் பூட்ஸும் வலது காலில் ரப்பர் சிலிப்பருமாக நின்றாள். ஆட்களின் பெயரை வாசித்துக்கொண்டிருந்த மண்டோர் மகேந்திரன், அவள் பெயர் வந்ததும் தலையைத் தூக்கிப் பார்த்தான். கையிலிருந்த போனின் வெளிச்சத்தை அவள் காலில் அடித்தான்.

"என்னாக்கா இது, கல்யாண வீட்டுக்கா வந்திருக்க?"

வலது பெருவிரலின் அடிமூட்டு நெருப்புத் துண்டு போலச் சிவந்து பளபளத்தது. விடியுமுன் போர்வை உரசியதற்கே அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதிருந்தாள். பூட்ஸுக்குள் அந்தக் காலை நுழைக்க மூன்று முறை பார்த்தாள். மூன்றாவது முறை வாந்திதான் வந்தது.

"ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்பா. நடக்க முடியல. இன்னிக்கு மட்டும் ரோட்டோரமா ஏதாச்சும் வேல குடு."

"உதிர்ந்த பழம் ரோட்டோரமாவா வந்து விழுது? முடியலன்னா டாக்டர்கிட்ட எம்சி சீட்டு எழுதி வாங்கிட்டு வா. சும்மா வீட்ல படுத்துக்கிட்டுக் கால் வலின்னா நான் மேல என்னா பதில் சொல்லுவேன்?"

பக்கத்தில் நின்ற லெட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தொழிலாளர் லயத்திலிருந்த வீடுவரை கூட்டிப்போனாள். இருவரும் இருபது வருஷமாக ஒரே கூட்டத்தில், செம்பனைக்கு அடியில் குனிந்து உதிர்ந்த பழம் பொறுக்கிச் சாக்கில் கட்டுகிறவர்கள். குமுதவல்லிக்கு வயது ஐம்பத்து நாலு. லெட்சுமிக்கு இரண்டு கூட. லெட்சுமிக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தது. அதைப் பற்றி அவளும் யாரிடமும் பேசுவதில்லை.

முருகையா அப்போதுதான் தோட்டத்துக் கேட்டில் ராக்காவல் முடிந்து வந்து சட்டையைக் கழற்றியிருந்தான். மனைவியின் காலைப் பார்த்தான். திரும்பச் சட்டையைப் போட்டுக்கொண்டான். அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பகாவ் டவுனுக்குக் கிளம்பினான். ஒவ்வொரு குழியிலும் அவள் வாய்விட்டு அலறியபோதும் வேகத்தைக் குறைக்கவில்லை.

அரசாங்க கிளினிக்கில் இளவயது மலாய் டாக்டரம்மா காலைத் தொடாமலே பார்த்தாள். ரத்தம் எடுக்கச் சொன்னாள். பிரஷருக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று பழைய சீட்டைப் பார்த்தாள். வேலையில் எவ்வளவு தண்ணீர் குடிப்பாய் என்று கேட்டாள். காட்டில் ஒதுங்க இடம் கிடையாது, ஆண்கள் சுற்றி நிற்பார்கள், அதனால் மத்தியானம் வரைக்கும் குடிப்பதில்லை என்று குமுதவல்லி சொன்னாள். எத்தனை வருஷமாக? வேலைக்கு வந்த நாளிலிருந்து. டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மது குடிக்கும் பழக்கம் உண்டா என்று மலாயில் கேட்டாள்.

முருகையா சிரித்தான். அறை அதிரச் சிரித்தான்.

"கேளுங்க டாக்டர், நல்லாக் கேளுங்க," என்றான் மலாயில். "இருபது வருஷம் குடிச்சவன் நான். வியாதி இவளுக்கு வந்திருக்கு."

அவன் குடியை விட்டு ஐந்து வருஷம் ஆகிறது. ரத்தமாக வாந்தியெடுத்த பிறகு விட்டான். அதற்கு முன் அவன் ஒளித்து வைத்த பாட்டில்களை அவள் தேடித் தேடி எடுத்து, லயத்துச் சனம் பார்க்க வாசல் சாக்கடையில் ஊற்றியிருக்கிறாள். அந்த ஊற்றலை அவன் மறக்கவில்லை என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வந்திருப்பது கவுட். மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்த ஏஞ்சலா அதைத் தமிழில் விளக்கினாள். முப்பது வயதுப் பெண், கழுத்தில் சின்னச் சிலுவை, பேச்சில் இனிப்பே கிடையாது.

"ஆன்டி, நல்லாக் கேட்டுக்குங்க. ரத்தத்துல யூரிக் ஆசிட்னு ஒண்ணு கூடிப்போச்சு. அது மூட்டுல கண்ணாடித்தூள் மாதிரி படிஞ்சிடுது. அதான் இந்த வலி. குடிச்சாத்தான் வரும்னு இல்ல. மாதவிலக்கு நின்ன பொம்பளைங்களுக்கும் வரும். நீங்க சாப்பிட்ட பிரஷர் மாத்திரையும் ஒரு காரணம், அத டாக்டர் மாத்திட்டாங்க. தண்ணி குடிக்காததும் ஒரு காரணம். உங்களுக்கு ஐந்நூத்தித் தொண்ணூறு இருக்கு. முந்நூத்தி அறுபதுக்குக் கீழ கொண்டு வரணும்."

"மாத்திரை சாப்பிட்டா போயிடுமாம்மா?"

"இப்பக் குடுக்கறது வலிக்கு. வலி அடங்கினதும் ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, இன்னொரு மாத்திரை ஆரம்பிக்கணும். அது தினமும். வருஷக்கணக்கா. ஆரம்பத்துல ரெண்டு மூணு மாசம் திரும்பத் திரும்ப வலி வரும். வந்தா மருந்து வேல செய்யலன்னு நிறுத்திடாதீங்க. உடம்புல தடிப்பு வந்தாலோ வாய் புண்ணானாலோ மட்டும் நிறுத்திட்டு உடனே ஓடி வாங்க."

எம்சி மூன்று நாளைக்குக் கிடைத்தது. நாலாம் நாள் வேலைக்குப் போனபோது, அவளுக்கு முன்பே செய்தி போய்விட்டிருந்தது.

"தண்ணி ஜாஸ்தி குடிக்கச் சொன்னாங்களாமே," என்றான் மகேந்திரன், தண்ணி என்ற சொல்லை இழுத்து. லாரியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். குடிக்கிறவர்களுக்கு வரும் வியாதி அவளுக்கு வந்திருக்கிறது என்று முருகையா கேட்டில் நின்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லியிருக்கிறான். அவள் இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்டு போனாள். மூச்சு விடாமல் குடித்தாள். ஒதுங்கப் போனபோதெல்லாம் லெட்சுமி வெட்டிப்போட்ட மட்டைக் குவியலுக்கு முன்னால் முதுகைத் திருப்பிக்கொண்டு காவல் நின்றாள். "எந்தப் பய இந்தப் பக்கம் வந்தாலும் கொட்டையப் பிடுங்கிடுவேன்," என்று சத்தமாகவே சொன்னாள்.

வீட்டில் அது மாதிரி யாரும் காவல் நிற்கவில்லை. மகனும் மகளும் சிங்கப்பூர் போய்விட்டார்கள், வீட்டில் இரண்டே பேர். கிளினிக்கில் நெத்திலியும் மத்தியும் ஈரலும் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். வேலை முடிந்து வந்ததும் ஒரு பெரிய கிளாஸ் சிரப் கரைத்துக் குடிப்பதையும் விடச் சொல்லியிருந்தார்கள். அவள் நெத்திலியை வாங்குவதையே நிறுத்தினாள்.

"உனக்கு வந்த வியாதிக்கு நான் ஏன் பத்தியம் இருக்கணும்?" முருகையா தட்டைத் தள்ளினான்.

"ரெண்டு கறி ஆக்க எனக்குக் கால் நிக்கல."

"ஒளிச்சு வெச்சு குடிக்கும்போது நின்னுச்சா?"

"என்னா சொன்னீங்க?"

"ஊரே சொல்லுது, நான் என்னத்த சொல்ல."

அவள் தட்டை எடுத்துச் சோற்றைக் கொல்லையில் கோழிக்குக் கொட்டினாள். அன்றிலிருந்து அவளுக்கு மட்டும் ஆக்கிக்கொண்டாள். அவன் கேண்டீனில் சாப்பிட்டான்.

புது மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது வாரம் வலி திரும்ப வந்தது. இந்தத் தடவை கணுக்கால். ஏஞ்சலா முன்கூட்டியே சொன்னதுதான். ஆனால் சொன்னது ஜன்னலுக்கு அந்தப் பக்கம், வலித்தது இந்தப் பக்கம். குளியலறைக்குத் தவழ்ந்து போனாள். முருகையா அவளைத் தாண்டிக்கொண்டு வேலைக்குப் போனான்.

அன்று சாயங்காலம் விமலா வந்தாள். முருகையாவின் தங்கை. பகாவில் ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஊறுகாய், ஊதுபத்தி, மூலிகை எண்ணெய் என்று பரப்பி வைத்து விற்பாள். நல்ல வாய். அண்ணிக்கும் அவளுக்கும் கல்யாணம் ஆன நாளிலிருந்தே ஒத்துவராது. ஆனாலும் வரும்போது வெறுங்கையோடு வரமாட்டாள்.

"அண்ணி, இங்கிலீஷ் மருந்து கிட்னிய அடிச்சிடும். இது வேர்ல செஞ்சது. காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டு. நாளைக்கே நீங்க டான்ஸ் ஆடலன்னா என் பேர மாத்திக்கறேன் லா."

பிளாஸ்டிக் பொட்டலம். மேலே ஒரு தாடிக்காரக் கிழவர் படம், ஒரு வேர் படம், மலாயில் நாலைந்து வரி. உள்ளே மிளகை விடக் கொஞ்சம் பெரிதாகக் கறுப்பு உருண்டைகள்.

மறுநாள் காலை குமுதவல்லி நடந்தாள். மறுநாளே. இரண்டாம் நாள் பூட்ஸ் போட்டுக்கொண்டு பெரட்டுக்குப் போனாள். மகேந்திரனே ஆச்சரியப்பட்டான். கிளினிக் மாத்திரைகளை அலமாரியில் பின்னால் தள்ளி வைத்தாள். லெட்சுமி அவள் நடையைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒரு பொட்டலம் வாங்கிக் குடு," என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே லெட்சுமியைக் கூட்டிப்போய் விமலாவிடம் விட்டவள் குமுதவல்லிதான்.

இரண்டு மாதம் அப்படிப் போனது. பசி எடுத்தது, அடங்காத பசி. முகம் உப்பி வட்டமானது. பழைய ரவிக்கைகள் கையில் ஏறவில்லை. பிடரியில் சதை திரண்டது. "பூசினாப்ல அழகா இருக்கீங்க அண்ணி," என்றாள் விமலா. எங்கே இடித்துக்கொண்டாலும் தோல் கன்றிப்போனது. மட்டை லேசாகக் கீறிய காயம் ஆறாமல் நீர் வடிந்தது.

காயத்துக்காகத்தான் கிளினிக்குக்குப் போனாள். ஏஞ்சலா ஜன்னலிலிருந்து அவள் முகத்தைப் பார்த்தாள். மருந்தை எடுத்துத் தரவில்லை. எழுந்து வெளியே வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆன்டி, என்னா சாப்பிடுறீங்க?"

"சோறுதான்."

"விளையாடாதீங்க. ரெண்டு மாசமா மருந்து எடுக்க வரல, வலியும் இல்லங்கிறீங்க. முகம் நிலா மாதிரி ஆயிருக்கு. எந்தக் கடையில என்னா வாங்குனீங்க?"

குமுதவல்லி பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். ஏஞ்சலா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதிவு எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

"இதுல வேரும் இல்ல, மண்ணும் இல்ல. ஸ்டீராய்டு கலந்திருப்பானுங்க. அதான் ஒரே நாள்ல வலி போகுது. சுகர் பாத்தாங்களா? ஏறியிருக்கும். எலும்பு போகும், கண்ணு போகும். இப்ப ரொம்ப முக்கியமானது ஒண்ணு சொல்றேன். இத இன்னிக்கே நிறுத்தக்கூடாது. இத்தன நாள் வெளிய இருந்து கொடுத்ததால உங்க உடம்பு தானா சுரக்கறத நிறுத்தியிருக்கும். திடீர்னு விட்டா மயங்கி விழுந்து உயிரே போயிடும். டாக்டர் வேற மாத்திரை எழுதி, அளவு பாத்து, வாரா வாரம் கொறச்சிட்டு வருவாங்க. யார் வித்தா இத?"

குமுதவல்லி சுவரைப் பார்த்தாள். "பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன்."

"எந்தப் பஸ் ஸ்டாண்டு?"

"மறந்துபோச்சும்மா."

ஏஞ்சலா நம்பவில்லை. "சரி. ஞாபகம் வந்தா சொல்லுங்க. உங்களுக்கு ஞாபகம் வர்றதுக்குள்ள யாராச்சும் செத்தா, அதையும் சொல்லுங்க," என்று எழுந்து உள்ளே போனாள்.

கிளினிக்கிலிருந்து நேராக விமலா வீட்டுக்கு நடந்தாள். விமலா வரவேற்பறையில் அட்டைப்பெட்டியைத் திறந்து பொட்டலங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். குமுதவல்லி உட்காரவில்லை. கேட்டதையெல்லாம் சொன்னாள்.

"யாரு சொன்னா? அந்த வேதக்காரப் பொண்ணா? அவளுக்கு அவ கம்பெனி மாத்திரை விக்கணும், வேற என்னா."

"அது கவர்மெண்டு கிளினிக்கு விமலா, அங்க யாரும் எதையும் விக்கல. நீ யார் யாருக்குக் குடுத்தியோ அத்தன பேருக்கும் போன் போட்டு, கிளினிக்குப் போகச் சொல்லு. சட்டுனு நிறுத்தக் கூடாதாம், அதையும் சொல்லு."

"சொன்னா நாளைக்கு யார் என்கிட்ட வாங்குவா?"

"லெட்சுமி சாப்பிடுறா."

"சாப்பிட்டு நல்லாத்தான இருக்கா? நீங்கதான கூட்டிட்டு வந்தீங்க? என் மேல பழி போட வந்துட்டீங்க. எங்கண்ணன் வாழ்க்கைய அழிச்சாச்சு, இப்ப என் பொழப்பா? குடிச்சிக் குடிச்சி நோயத் தேடிக்கிட்டு..."

குமுதவல்லி கையை ஓங்கினாள். விமலா அதைப் பிடித்துத் தள்ளினாள். அடுக்கியிருந்த பொட்டலங்கள் சரிந்து தரையெல்லாம் கறுப்பு உருண்டைகள் ஓடின. "வெளிய போடி," என்று விமலா கத்தியது எதிர்வீட்டுச் சீனக் கிழவிக்கும் கேட்டது.

குமுதவல்லி லெட்சுமியிடம் சொல்லியிருக்கலாம். அன்று சாயங்காலமே சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது, தானே கூட்டிப்போனதை எப்படி எடுப்பது என்று யோசித்தாள். ஒரு நாள் போயிற்று. இரண்டு நாள் போயிற்று. விமலாவோ அந்தச் சண்டைக்குப் பயந்து பெட்டியை எங்கோ ஒளித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் "சரக்கு முடிஞ்சிடுச்சு" என்றிருக்கிறாள். லெட்சுமி வெறுங்கையோடு திரும்பியிருக்கிறாள். இதையெல்லாம் குமுதவல்லி பிறகுதான் தெரிந்துகொண்டாள்.

புதன்கிழமை, பத்து மணி வெயிலில், லெட்சுமி பாதி நிரம்பிய சாக்கின் மேல் சாய்ந்தாள். களைத்து உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தார்கள். குமுதவல்லி போய்த் தொட்டபோது உடம்பு சில்லென்று வியர்த்திருந்தது. கண் சொருகியிருந்தது.

"வெயிலு," என்றான் மகேந்திரன். "கொஞ்சம் தண்ணி தெளிங்க, சரியாயிடும்."

"லாரிய எடு!" குமுதவல்லி அவன் சட்டையைப் பிடித்தாள். "இப்ப எடுக்கலன்னா நீதான் பதில் சொல்லணும்."

பழம் ஏற்றும் லாரியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே லெட்சுமியின் மகள் மோகனா தொழிற்சாலை உடையோடு ஓடி வந்தாள். பிரஷர் இறங்கிக்கொண்டே போகிறது, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டார். "ஒண்ணும் சாப்பிடறதில்ல டாக்டர்," என்றாள் மோகனா.

குமுதவல்லி அங்கேதான் நின்றிருந்தாள். காலில் சேறு, கையில் பழச்சாறு. ஒரு கணம் முருகையாவின் முகம் வந்தது, விமலாவின் முகம் வந்தது. பிறகு முன்னால் வந்து, தெரிந்த மலாயில், "கறுப்பு மாத்திரை. ரெண்டு மாசமா. சட்டுனு நிறுத்தியிருப்பா," என்றாள். தன் பையில் இன்னும் கிடந்த பொட்டலத்தை டாக்டரின் கையில் வைத்தாள். அவர் அதைப் பார்த்ததும் உள்ளே ஓடினார்.

லெட்சுமி பிழைத்தாள். அரை மணி நேரம் தாமதித்திருந்தால் இல்லை என்று மறுநாள் சொன்னார்கள்.

மறுநாள் குமுதவல்லி ஏஞ்சலாவிடம் போனாள். "ஞாபகம் வந்துடுச்சு," என்றாள். பெயர், வீட்டு எண், சந்தையில் கடை போடும் இடம் எல்லாவற்றையும் சொன்னாள். புகார்த் தாளில் கையெழுத்துப் போட்டாள். யார் சொன்னது என்பதை வெளியே விடமாட்டார்கள் என்று ஏஞ்சலா சொன்னாள்.

"தேவையில்ல. நானே சொல்லிடுவேன்."

அடுத்த வாரம் மருந்து அமலாக்க அதிகாரிகள் வந்து விமலாவின் வீட்டிலிருந்து ஏழு பெட்டிகளை எடுத்துப்போனார்கள். வழக்குப் போட்டார்கள். முருகையா செய்தி கேட்டு வீட்டுக்கு வந்தபோது குமுதவல்லி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"யாருடி சொன்னா?"

"நான்தான்."

அவன் அப்படி நேரடியாகப் பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

"என் கூடப் பிறந்தவ."

"லெட்சுமி செத்திருப்பா."

"சாகலியே? போய்ப் பொய்யின்னு சொல்லு. கால் வலியில தெரியாம சொல்லிட்டேன்னு சொல்லு. இல்லாட்டி நான் இந்த வீட்ல இருக்கமாட்டேன்."

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

அவன் இரண்டு பைகளில் துணியை அள்ளிப் போட்டுக்கொண்டு மோட்டாரில் கிளம்பினான். போகும்போது லயத்து நடுவில் வண்டியை நிறுத்தி, "குடிகாரி குடியக் கெடுத்துட்டா," என்று சத்தம் போட்டுவிட்டுப் போனான். வாசலில் இருந்தவர்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை. விமலாவிடம் எண்ணெயும் ஊறுகாயும் வாங்குகிற குடும்பங்கள் அங்கே நிறைய. மறுநாளிலிருந்து லாரியில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

ஸ்டீராய்டைக் குறைக்கக் குறைக்க உடம்பு அடித்துப்போட்டது மாதிரி இருந்தது. கிளினிக்கின் பழைய மாத்திரையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இரண்டு தடவை கால் வீங்கியது. இரண்டு தடவையும் வலிக்கான மாத்திரையைப் போட்டு, காலைத் தலையணையில் தூக்கி வைத்து, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, தனியாகப் படுத்துக் கிடந்தாள். தினசரி மாத்திரையை மட்டும் விடவில்லை. மகேந்திரனிடம் போய், கூட்டத்தில் பெண்கள் இருக்கிறார்கள், ஒதுங்க ஒரு மறைப்பு வேண்டும், இல்லாவிட்டால் ஆபீஸுக்கே போய்ப் பேசுவேன் என்றாள். அவளுக்குப் புகார் செய்யும் கை வந்துவிட்டது என்று அவனுக்குத் தெரியும். நாலு கம்பு நட்டு நீலத் தார்ப்பாய் கட்டிக்கொடுத்தான். கட்டும்போது முணுமுணுத்த வார்த்தைகளை அவள் காதில் வாங்காதது போல நின்றாள்.

ஐந்தாம் மாதம் ரத்தப் பரிசோதனையில் முந்நூற்று நாற்பது. "இப்படியே பிடிச்சுக்குங்க," என்றாள் ஏஞ்சலா. அதைப் போய்ச் சொல்ல ஒருவரும் இல்லை.

லெட்சுமி வேலைக்குத் திரும்பவில்லை. மகள் மோகனா வீட்டில் தங்கியிருந்தாள். மூன்று முறை பார்க்கப் போனபோதும் தூங்குகிறாள் என்று மோகனா வாசலிலேயே சொன்னாள். நாலாவது முறை லெட்சுமியே கதவைத் திறந்தாள். கதவுக்கும் நிலைக்கும் இடையில் ஒரு கை அகலம்தான்.

"என்னா வேணும்?"

"எப்படி இருக்க?"

"எப்படி இருக்கேனா? முட்டி ரெண்டும் இரும்பு மாதிரி இருக்கு. கக்கூஸ்ல உக்காந்தா எழுந்திரிக்க முடியல. அந்த மாத்திரை இருந்தப்ப நான் நடந்தேன். ரெண்டு மாசம் மனுஷி மாதிரி நடந்தேன். உன் ஆத்திரத்துக்கு அவளப் பிடிச்சிக் குடுத்துட்ட."

"அதுதான் லெட்சுமி உன்னக் கொல்லப் பாத்துச்சு."

"மாத்திரை கொல்லல. நிறுத்துனதுதான் கொல்லப் பாத்துச்சு. நிறுத்துனா ஆகாதுன்னு உனக்குத் தெரியும்னு விமலாவே சொன்னா. தெரிஞ்சும் நாலு நாளு என் பக்கத்துல குனிஞ்சு பழம் பொறுக்குன. வாயத் தொறக்கல."

முருகையா கத்தியதும் விமலா ஏசியதும் குமுதவல்லியைத் தொடவில்லை. இது தொட்டது. இதில் பொய் இல்லை.

"ஆமா," என்றாள். "சொல்லல. கூட்டிட்டுப் போனதும் நான்தான். அதுக்கு நீ என்னா பேசினாலும் கேட்டுக்கறேன். ஆனா முட்டிக்கு வைத்தியம் இருக்கு. அடுத்த செவ்வாக்கிழம எலும்பு டாக்டர் கிளினிக்குக்கு வர்றாரு. ஏஞ்சலாகிட்ட சொல்லி உனக்கு நம்பர் போட்டிருக்கேன்."

"உன் கூட நான் வரமாட்டேன்."

"வேன் ஒண்ணு சொல்லியிருக்கேன், எட்டு மணிக்கு வரும். நான் முன்னாடி உக்காந்துக்கறேன். நீ பின்னாடி உக்காரு. பேச வேணாம்."

கதவு சாத்திக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை மோகனா தாயைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து வேனின் பின் இருக்கையில் ஏற்றினாள். பகாவ் வரைக்கும் லெட்சுமி ஜன்னலுக்கு வெளியே செம்பனைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். கிளினிக்கில் பெஞ்சின் அந்தக் கோடியில் அவள், இந்தக் கோடியில் குமுதவல்லி. நடுவில் யார் யாரோ வந்து உட்கார்ந்தார்கள், எழுந்து போனார்கள். நம்பர் கூப்பிட்டபோது லெட்சுமியால் சட்டென்று எழ முடியவில்லை. குமுதவல்லி போய்க் கையை நீட்டினாள். லெட்சுமி அந்தக் கையை ஒதுக்கிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து டாக்டர் அறைக்குள் போனாள்.

குமுதவல்லி அவள் விட்டுப்போன பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கதவு திறக்கும்வரை காத்திருந்தாள்.